கரிக்காக வெட்டிய கால்வாய்

சென்ற மாதம் நியூ டவுனில் நம் அன்பர் ஒருவர் இல்லத்தில் பிள்ளைகளுக்கான தமிழ் வகுப்பு நடந்தது. அன்றைய பாடம் நீர்நிலைகள். ஆறு, ஏரி, குளம், வாய்க்கால், மதகு, மடை என்று வரிசையாகப் பலகையில் எழுதிவிட்டு, "வாய்க்காலை யாராவது பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் கையைத் தூக்கினான். "செக்டர் ஃபைவ் போகும்போது பாலத்துக்குக் கீழே இருக்குமே மாமா, அதுதானே? அது சாக்கடை!"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னதில் பிழையும் இல்லை. சால்ட் லேக்கையும் நியூ டவுனையும் பிரிக்கும் கேஷ்டோபூர் கால்வாய் இன்று பார்க்கவும் முகரவும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது சாக்கடையாகப் பிறந்ததல்ல. 1910ஆம் ஆண்டு வாக்கில், கிழக்கு வங்கத்திலிருந்தும் சுந்தரவனத்திலிருந்தும் நெல், விறகு, சணல் ஏற்றி வரும் படகுகள் கல்கத்தாவுக்குச் சுருக்கமான வழியில் வந்து சேர வேண்டும் என்பதற்காக வெட்டப்பட்டது. அதற்கு முன்பே 1777இல் டாலி துரையின் கால்வாய், 1810இல் பேலியாகட்டா கால்வாய், அதன் பின் சர்குலர் கால்வாய், 1859இல் நியூ கட் என்று இந்நகரைச் சுற்றி ஒரு நீர்வழி வலையே பின்னப்பட்டிருந்தது. நாம் பஸ்ஸிலும் காரிலும் கடக்கும் பாலங்கள் பலவற்றின் அடியில் ஒரு காலத்தில் பாய்மரங்கள் போயின.

அந்தச் சிறுவன் விடவில்லை. "படகு ஏன் இப்போது போவதில்லை?" என்றான். அதற்கு ஒரு வகுப்பில் பதில் சொல்லி முடியாது. ஆகவே இந்தக் கட்டுரை. கேஷ்டோபூரைப் பற்றி அல்ல. அதைவிடப் பெரிய ஆசையோடு வெட்டப்பட்ட இன்னொரு கால்வாயைப் பற்றி. நிலக்கரிச் சுரங்கங்களையும் இரும்பாலைகளையும் கல்கத்தாவோடு நீரால் இணைக்க வேண்டும் என்று நம் நாடு சுதந்திரம் பெற்ற புதிதில் போட்ட திட்டம் அது. துர்காபூரில் தொடங்கித் திரிவேணியில் ஹூக்ளியில் சேரும் அந்தக் கால்வாயின் ஓரமாக எத்தனையோ முறை நாம் ரயிலில் போயிருப்போம். அது எதற்கு வெட்டப்பட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. சுரங்கத்துக்கும் கால்வாய்க்கும் என்ன உறவு? கரியும் கனிமமும் எடை மிகுந்தவை, விலை குறைந்தவை. பட்டுத்துணியை மாட்டு வண்டியில் ஏற்றி நூறு மைல் கொண்டு போனாலும் லாபம் நிற்கும். கரியை அப்படிக் கொண்டு போனால் வண்டிக் கூலியே கரியின் விலையை விழுங்கிவிடும். பழைய காலத்து மண் சாலையில் ஒரு வண்டி ஒரு டன் இழுத்தால் அதிகம். அதே மாடோ குதிரையோ கரையில் நடந்து கயிற்றால் இழுக்கும் படகில் முப்பது டன் ஏறும். நிற்கும் நீரில் மிதக்கும் பொருளை நகர்த்த அவ்வளவு குறைந்த பலம் போதும்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது இங்கிலாந்து. பிரிட்ஜ்வாட்டர் பிரபுவுக்கு வொர்ஸ்லி என்ற ஊரில் கரிச் சுரங்கம் இருந்தது. அங்கிருந்து மான்செஸ்டருக்கு அவர் வெட்டிய கால்வாயில் 1761இல் படகு ஓடத் தொடங்கியதும் மான்செஸ்டரில் கரி விலை பாதியாகக் குறைந்தது. பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி ஓர் ஆற்றின் மேலேயே பாலம் கட்டி அதில் கால்வாயை ஓடவிட்டார். படகுகள் சுரங்கத்துக்குள்ளேயே போய்க் கரி ஏற்றி வந்தன. சுரங்கத்தில் ஊறும் நீரே கால்வாய்க்கு நீராயிற்று. சுரங்கக்காரனுக்குத் தலைவலியாக இருந்த ஊற்றுநீரைப் படகோட்டும் நீராக மாற்றிய அந்த யோசனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இனி நம் வங்கத்துக்கு வருவோம். 1774இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் சம்னர், ஹீட்லி என்ற இருவர் ராணிகஞ்ச் பகுதியில் கரி எடுக்க உரிமை பெற்றனர். இந்தியாவில் நவீன முறைச் சுரங்கத் தொழிலின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்வார்கள். முதலில் வந்த கரி தரம் போதாது என்று ஒதுக்கப்பட்டது. நாற்பது ஆண்டு கழித்துத்தான் தொழில் மீண்டும் எழுந்தது. 1836இல் ராணிகஞ்ச் சுரங்கத்தை ஏலத்தில் 70,000 ரூபாய்க்கு வாங்கியவர் யார் தெரியுமா? துவாரகாநாத் தாகூர், நம் ரவீந்திரநாதரின் பாட்டனார். அப்போது ஹூக்ளியில் நீராவிப் படகுகள் ஓடத் தொடங்கியிருந்தன. அவற்றுக்குக் கரி வேண்டும். கரி இருக்கும் இடம் ராணிகஞ்ச், வேண்டிய இடம் கல்கத்தா. நடுவில் இரண்டுக்கும் பொதுவாக இருந்தது தாமோதர் ஆறு ஒன்றுதான்.

அந்த ஆற்றின் குணத்தை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாலாறும் வைகையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பத்து மாதம் மணலாகக் கிடக்கும் ஆறு எப்படியிருக்கும் என்று. தாமோதரும் அப்படித்தான், ஆனால் மழைக்காலத்தில் அதன் சீற்றம் நம் ஆறுகளுக்கு இல்லை. 'வங்கத்தின் துயரம்' என்று அதற்குப் பெயரே உண்டு. சுரங்கங்களில் ஆண்டு முழுவதும் வெட்டிய கரியை ஆற்றங்கரைத் துறைகளில் மலைபோல் குவித்து வைப்பார்கள். ராணிகஞ்சை அடுத்த நாராயண்குடியில் அப்படி ஒரு துறை இருந்தது. ஆனி, ஆடி பிறந்து வெள்ளம் வந்ததும் படகுகளில் ஏற்றி ஹௌரா மாவட்டத்து ஆம்டா வரை கொண்டு வந்து இறக்குவார்கள். அங்கிருந்து வேறு படகுகளில் கல்கத்தா. வெள்ளம் அதிகமானால் படகு கவிழும். குறைந்தால் மணலில் தட்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள சில வாரங்களை நம்பித்தான் ஓராண்டு வியாபாரமும் நடந்தது. முதலாளியின் பணம் ஓராண்டுக் காலம் கரையில் கரிக்குவியலாக முடங்கிக் கிடந்தது என்றால் வட்டிக் கணக்கை நீங்களே போட்டுக் கொள்ளலாம்.

இங்கே சிறிது நேரம் தமிழ்நாட்டுக்குப் போய் வருவோம். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் நம் மண்ணிலும் இதே நாடகம் நடந்தது. கும்பினி உத்தியோகத்தை 1825இல் விட்ட ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில் இரும்பாலை நிறுவினார். கனிமம் இருந்ததோ சேலத்துக் கஞ்சமலைப் பக்கம். கடற்கரையில் உள்ள ஆலைக்கு அதை எப்படிக் கொண்டு வருவது? பரிசலில்! காவிரியில் இறக்கி, கொள்ளிடம் வழியே, பிறகு கால்வாய் வழியே பரங்கிப்பேட்டை வரை. மூங்கில் பின்னித் தோல் போர்த்திய வட்டப் பரிசலில் இரும்புக்கல் வந்து, கடலோரத்தில் உருகி, கப்பலேறி ஷெஃபீல்டுக்குப் போனது. அந்த இரும்பு ஆங்கில உருக்குத் தொழிலில் நல்ல பெயர் வாங்கியது. ஹீத்துக்குக் காசு மட்டும் மிஞ்சவில்லை. உருக்குச் செய்வதில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு 1839இல் அவர் காப்புரிமை பெற்றார். அதைப் பயன்படுத்திக் கொண்ட ஷெஃபீல்டு ஆலைக்காரர்களோடு வழக்காடியே நொடிந்து போனார். 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்று புதிய அமைப்பு வந்தும் பயனில்லை. 1860களில் பரங்கிப்பேட்டை உலை அணைந்தது. அவர்கள் எரித்தது நிலக்கரியல்ல, மரக்கரி. காடு தூரமாகத் தூரமாக அடுப்புச் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. கனிமம் ஓரிடம், கரி வேறிடம், கடல் மூன்றாமிடம் என்று மூன்றும் சேராத இடத்தில் ஆலை வைத்ததன் பலன் அது என்பது என் கருத்து.

வங்கத்தில் கரிக்குக் குறைவில்லை, வழிக்குத்தான் குறைவு. அதைத் தீர்க்க வந்தது ரயில். 1855 பிப்ரவரி 3ஆம் தேதி ஹௌராவிலிருந்து ராணிகஞ்சுக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. இப்பாதை முதலில் எங்கே போய் முடிந்தது என்று கவனித்தால் எதற்காகப் போடப்பட்டது என்று விளங்கிவிடும். கரி ரயிலேறியதும் ஆற்றுத் துறைகள் ஓய்ந்தன. 1870களில் குல்டியில் இரும்பு உலைகள் எழுந்தன. பின்னர் பர்ன்பூர் வந்தது. எல்லாமே தண்டவாளத்தின் ஓரமாக வளர்ந்தன. தாமோதரில் கரிப்படகு என்பது பழங்கதையாயிற்று.

பிறகு தொண்ணூறு ஆண்டு கழித்து மீண்டும் கால்வாய் என்ற பேச்சு எப்படி எழுந்தது? அதற்குக் காரணம் ஒரு வெள்ளம். 1943 ஜூலையில் பர்த்வானுக்கு அருகே தாமோதரின் இடது கரை உடைந்தது. கிராண்ட் டிரங்க் சாலையும் ரயில் பாதையும் நீரில் மூழ்கின. உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். பர்மா எல்லையில் ஜப்பானியர். கல்கத்தாவுக்கு வடமேற்கிலிருந்து வரும் முக்கிய வழி வாரக்கணக்கில் துண்டிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் வங்கப் பஞ்சமும். ஒரே பாதையை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பது அன்று எல்லோருக்கும் உறைத்தது.

1944இல் பர்த்வான் மகாராஜா தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. விஞ்ஞானி மேகநாத் சாஹாவும் அதில் ஓர் உறுப்பினர். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தைப் போல இங்கும் செய்யலாம் என்று அவர் பல ஆண்டுகளாக எழுதி வந்தார். அந்த டென்னசித் திட்டத்திலேயே பணி செய்த வூர்டுயின் என்ற பொறியாளர் வரவழைக்கப்பட்டார். அணைகள் கட்டி வெள்ளத்தைத் தடுப்பது, மின்சாரம் எடுப்பது, பாசனம் செய்வது, அத்தோடு படகும் விடுவது என்று ஒரே நீரில் நான்கு காரியம் பார்க்கும் திட்டத்தை அவர் வகுத்தார். 1948 ஜூலை 7ஆம் தேதி தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷன் பிறந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பெரும் ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டம் இதுவே.

திலையா 1953இலும், கோனார் 1955இலும், மைத்தன் 1957இலும், பஞ்செட் 1959இலும் முடிந்தன. இவற்றுக்குக் கீழே துர்காபூரில் 1955இல் தாமோதருக்குக் குறுக்கே 692 மீட்டர் நீளத் தடுப்பணை எழுந்தது. அதன் இரு பக்கமும் இரு கால்வாய்கள். வலக்கரைக் கால்வாய் பாசனத்துக்கு மட்டும். இடக்கரைக் கால்வாய்தான் நம் கதாநாயகன். 137 கிலோமீட்டர் நீளம். பர்த்வான், ஹூக்ளி மாவட்டங்களைக் கடந்து திரிவேணியில் ஹூக்ளியில் சேர்கிறது. பாசனத்தோடு ஆண்டுக்கு 20 லட்சம் டன் சரக்கு, முக்கியமாக நிலக்கரி, படகில் போக வேண்டும் என்பது கணக்கு. இதற்கிடையே துர்காபூரில் உருக்காலை, கரிச்சூளை, அனல்மின் நிலையம் எல்லாம் வந்துகொண்டிருந்தன. 1959 முடிவில் உருக்காலையின் முதல் ஊதுலை எரியத் தொடங்கியது. ஒரு பக்கம் சுரங்கம், ஒரு பக்கம் உலை, நடுவில் கால்வாய். மான்செஸ்டர் கதை மீண்டும் நடக்கப் போகிறது என்றுதான் வரைபடத்தைப் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

பிள்ளைகளுக்காக இங்கே ஒரு விளக்கம். துர்காபூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம். திரிவேணியில் கடலின் ஓதமே எட்டிப் பார்க்கும். அவ்வளவு சரிவில் ஓடும் நீரில் படகு எப்படி ஏறி இறங்கும்? இதற்குத்தான் 'லாக்' எனப்படும் படகுப் பூட்டு. கால்வாயில் ஓரிடத்தில் முன்னும் பின்னும் கதவு வைத்த ஒரு தொட்டி கட்டுவார்கள். மேலிருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் மேல் கதவு மூடப்படும். பிறகு அடியிலுள்ள திறப்பின் வழியே நீரைக் கீழ்ப்பக்கம் விடுவார்கள். நீர் தாழத் தாழப் படகும் தாழும். கீழ்ப்பக்க நீரோடு மட்டம் சமமானதும் கீழ்க்கதவு திறக்கும், படகு போய்விடும். ஏறும் படகுக்கு இதே வேலை தலைகீழாக. எந்திரமோ மோட்டாரோ தூக்குவதில்லை, நீரே தூக்குகிறது. ஆனால் கவனியுங்கள், ஒவ்வொரு படகும் கடக்கும்போது ஒரு தொட்டி நீர் கீழே போய்விடுகிறது. அந்த நீர் மேலிருந்து வந்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் சிக்கல். பாசனத்துக்கு வேண்டிய நீரும் படகுக்கு வேண்டிய நீரும் ஒன்றல்ல. உழவருக்கு நாற்று நடும்போது நிறைய நீர் வேண்டும், அறுவடையில் வேண்டாம். படகுக்கோ ஆண்டு முழுவதும் ஒரே ஆழம் வேண்டும். உழவருக்கு நீர் ஓட வேண்டும். படகுக்கு, குறிப்பாக எதிர்த்து ஏறி வரும் படகுக்கு, நீர் நின்றால்தான் நல்லது. வூர்டுயின் குறித்த அணைகள் எல்லாம் கட்டப்பட்டிருந்தால் நீர் தாராளமாக இருந்திருக்கும். முதல் கட்டமாகக் கார்ப்பரேஷன் கட்டிய நான்கோடு வேலை நின்றது. உள்ள நீர் போதாதபோது நெல்லா கரியா என்ற கேள்வி வந்தால், பர்த்வான் மாவட்டத்தில் எது வெல்லும் என்று சொல்லவும் வேண்டுமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. சுரங்கங்கள் துர்காபூரில் இல்லை. அதற்கு மேற்கே ராணிகஞ்ச், அசன்சோல் பக்கம் உள்ளன. கால்வாயோ தடுப்பணையில்தான் தொடங்குகிறது. சுரங்க வாயிலில் கரியை ரயில் வேகனில் ஏற்றி, துர்காபூரில் இறக்கிப் படகில் ஏற்றி, திரிவேணி கடந்து கல்கத்தாவில் மறுபடி இறக்குவதா? வேகனில் ஏற்றியது ஏற்றியதுதான், அப்படியே ஹௌராவுக்குப் போகட்டும் என்றுதான் எந்த வியாபாரியும் சொல்வான். பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் படகு சுரங்கத்துக்குள்ளேயே போயிற்று என்று முன்பு சொன்னேனே, அதன் பெருமை இப்போது புரியும். மேலும், கரி கொண்டு வந்த படகு திரும்பும்போது எதை ஏற்றிக்கொண்டு போகும்? வெறும் படகை நீரோட்டத்துக்கு எதிரே 137 கிலோமீட்டர் இழுக்கும் செலவை யார் தலையில் கட்டுவது?

ரயிலும் சும்மா இருக்கவில்லை. திட்டம் போட்ட நாளில் வேகன் பஞ்சம் கடுமையாக இருந்தது உண்மை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்நாளைய நான்கு சக்கர வேகன் சுமார் 22 டன் பிடிக்கும். 20 லட்சம் டன்னுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 91 ஆயிரம் வேகன், நாளொன்றுக்கு 250. அத்தனையையும் விடுவிக்கும் என்றால் கால்வாய் வெட்டுவது நியாயம்தான். ஆனால் இன்று 58 பெட்டிகள் கொண்ட ஒரே கரி ரயில் 3,500 டன்னுக்கு மேல் கொண்டு போகிறது. கால்வாயின் ஓராண்டு வேலை முழுவதும் நாளொன்றுக்கு இரண்டு ரயில் கூட இல்லை! 1957இல் ஹௌராவில் மின்ரயில் ஓடத் தொடங்கியது; தண்டவாளத்தின் கொள்ளளவு ஏறிக்கொண்டே வந்தது. கரியையே சுமந்து வராமல் சுரங்கத்தருகே எரித்துக் கம்பியில் மின்சாரமாக அனுப்பும் வழியும் பெருகிற்று. கரிப்படகுப் போக்குவரத்து பெயரளவிலேயே நின்றது. 1964இல் தடுப்பணையும் கால்வாய்களும் மேற்கு வங்க அரசிடம் ஒப்படைக்கப்பட்டன.

அப்படியானால் பணம் வீணா? இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கிளைகளோடு சேர்த்துச் சுமார் 2,500 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கால்வாய் அமைப்பின் நீர்தான் பர்த்வான், ஹூக்ளி மாவட்டங்களின் நெல்வயல்களில் பாய்கிறது. கோடை நெல்லான போரோ பயிருக்கு அணையில் நீர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை இன்றும் அந்த உழவர்கள் ஆண்டுதோறும் கவலையோடு கேட்கிறார்கள். நாம் கடையில் வாங்கும் வங்கத்துப் பொன்னி போன்ற அரிசியில் இந்த நீரும் கலந்திருக்கலாம். கரிக்காக வெட்டியது சோறு போடுகிறது.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. தடுப்பணைக்குப் பின்னால் வண்டல் படிந்து படிந்து நீர் நிற்கும் இடம் சுருங்கிவிட்டது. கதவுகளுக்கும் வயதாகிவிட்டது. 2017 நவம்பரில் ஒரு மதகு வளைந்து தேங்கிய நீர் முழுவதும் வடிந்து போனது. 2020 அக்டோபர் கடைசியில் மீண்டும் அதேபோல் இன்னொரு மதகு. இரண்டு முறையும் துர்காபூர் நகரத்துக் குழாய்களில் நீர் நின்று மக்கள் தவித்தனர். துர்காபூரில் நமக்கு உறவினர் இல்லாத குடும்பம் குறைவு. அந்த நாட்களில் குடம் தூக்கி நின்றவர்களைக் கேட்டால் தடுப்பணை என்றால் என்ன என்று பாடப் புத்தகத்தைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

நீர்வழிப் போக்குவரத்தை நாடு அடியோடு மறந்துவிடவும் இல்லை. 2013இல் வெளிநாட்டுக் கரி ஹூக்ளி வழியே படகில் ஃபராக்கா அனல்மின் நிலையத்துக்குப் போகத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் தாமோதர் ஆறே 29ஆம் எண் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கும் படகுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை இடக்கரைக் கால்வாயின் வரலாறு படித்தவர்கள் யோசித்துக் கொள்ளலாம்.

நேரில் பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. துர்காபூர் போனால் தடுப்பணை மேலேயே சாலை செல்கிறது. வடகரையில் நின்றால் இடக்கரைக் கால்வாய் பிரியும் வாயில் தெரியும். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் ஹௌராவிலிருந்து காட்வா வண்டியில் ஏறித் திரிவேணியில் இறங்கலாம். பிரயாகையில் கூடும் மூன்று ஆறுகள் இங்கே பிரிவதாக ஐதிகம். அதனால் முக்தவேணி என்று பெயர். வழியில் பான்ஸ்பேடியாவில் ஹம்ஸேஸ்வரி கோயிலையும் பார்த்துவிடலாம். பிள்ளைகளை அழைத்துப் போனால், படகுப் பூட்டின் வேலையைத் தாளில் வரைந்து எடுத்துப் போங்கள். நம் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஏற்கெனவே வரைந்துவிட்டான். மேல் கதவையும் கீழ்க் கதவையும் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும் என்று கேட்டு அவன் தங்கையைத் திணறடித்துக் கொண்டிருப்பதாக அவன் அம்மா சொன்னார்.